கூகையின் மூட்டுக்கு நாமும் பொறுப்பு

அறுவடை முடிந்த வயல் வரப்பில் பட்டப்பகலில் ஒரு கூகை உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்க இறக்கை தொங்குகிறது. கிட்டே போனாலும் பறக்கவில்லை. ‘பகலில் கண் தெரியாது, இருட்டினால் போய்விடும்’ என்று நகர்ந்துவிடுகிறோம். இது தவறு. ஆந்தை இனங்களுக்குப் பகலிலும் கண் தெரியும். இறக்கை தொங்க உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அடிபட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

எலியைப் பிடிக்க வரட்டும் என்று வயலில் பறவைத் தாங்கி நடுகிறோம். அப்படி வரும் பறவைக்கு முள்கம்பியும், கிழிந்த நைலான் வலையும், மாஞ்சா நூலும் எமனாகின்றன. காயத்தின் வழியாக ஸ்டெபைலோகாக்கஸ், ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் நுழைகின்றன. இறக்கையின் முழங்கையை ஒட்டிய காயமானால் மூட்டுக்குள்ளேயே இறங்கிவிடும்.

மாட்டுக்குச் சீழ் பிடித்தால் கீறி வடிய விடலாம். பறவையின் சீழ் வடியாது. திரிந்த பால் போலக் கட்டியாகிவிடும். அதற்குள் மருந்தும் எளிதில் இறங்காது. நாளானால் குருத்தெலும்பு அரித்து மூட்டு இறுகிப்போகும். நொண்டிக் கோழிக்குத் தீவனத்தை நாம் முன்னால் வைப்போம். கூகை பறந்து போய்த்தான் எலியைப் பிடிக்க வேண்டும். ஒரு மூட்டு இறுகினாலும் அதற்குப் பட்டினிதான். ஆகவே காயம்பட்ட அன்றே சிகிச்சை கிடைப்பதுதான் முக்கியம்.

அதற்கு உழவர்கள் செய்யக்கூடியது எளிது. தடித்த துணியைப் போர்த்தி, கால் நகங்களில் சிக்காமல் பறவையைத் தூக்குங்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். உடனே வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ தெரிவியுங்கள். வாயில் தண்ணீரோ சோறோ திணிக்க வேண்டாம். தோளை ஒட்டிய எலும்பு முறிந்து வெளியே தெரிந்தால் அதில் தண்ணீர் ஊற்றிக் கழுவவும் கூடாது. அந்த எலும்பு காற்றுப் பைகளோடு இணைந்தது. ஊற்றும் தண்ணீர் சுவாச உறுப்புக்குள் போய்விடும்.

நாமாக வலி மாத்திரையும் கொடுக்கக் கூடாது. டைக்ளோஃபினாக் போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006-இல் தடை வந்தது. பறவையைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இறுகிய மூட்டைச் சரிசெய்வதைவிடக் காயம் வராமல் தடுப்பது சுலபம். பயன்பாடு முடிந்த வலையைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். முள்கம்பி வேலியில் வெள்ளைத் துணிக் கீற்றுகளைக் கட்டுங்கள். பறவைத் தாங்கியில் ஆணி முனை நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். எலி ஒழிப்புப் பயிற்சி நடத்தும் விரிவாக்கப் பணியாளர்கள் தாங்கி நடச் சொல்வதோடு நிறுத்தாமல், இதற்கும் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும்.

எலி பிடிக்கக் கூகையை வயலுக்கு அழைப்பவர்கள் நாம்தான். அது அடிபட்டுக் கிடக்கும்போது ஒரு அட்டைப் பெட்டியும் ஒரு போன் அழைப்பும் நாம் செய்யக்கூடிய பதில் உதவி.