குறையும் முறையும்

பேருந்து உரிய நேரத்தில் வராதபோது நிறுத்தத்தில் முதலில் எழுவது பெருமூச்சு. அடுத்து எழுவது பேச்சு. அதுவரை ஒருவரையொருவர் அறியாதவர்கள், ‘தினமும் இதே கதைதான்’ என்னும் ஒரு தொடரால் அறிமுகமாகிவிடுகின்றனர். மின்தடை, குடிநீர்த் தட்டுப்பாடு, நியாயவிலைக் கடையின் நீண்ட வரிசை, நேற்றுப் பார்த்த திரைப்படம் எனப் பேச்சு வளர்கிறது. குறை கூறுவதால் பேருந்து விரைந்து வந்துவிடாது என்பதை அனைவரும் அறிவர். அறிந்தும் கூறுவது ஏன்?

தமிழ்ச்சொல் ஒன்றிலேயே இதற்கான விடை பொதிந்துள்ளது. குறைகளை ஓயாது சொல்வதைப் ‘புலம்பல்’ என்கிறோம். ‘புலம்பு’ என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் தரும் பொருள் தனிமை. துன்பம் தன்னோடு மட்டும் இருக்கையில் மனிதன் தனியனாகிறான். ‘எனக்கும் அப்படித்தான்’ எனப் பிறர் சொல்லும்போது அத்தனிமை அகல்கிறது. ஆகவே, புலம்புவோர் பெரும்பாலும் தேடுவது தீர்வன்று, துணையே.

குறை கூறலின் மற்றொரு வேர் எதிர்பார்ப்பு. திருக்குறளின் இறுதி மூன்று அதிகாரங்களும் ஊடலைப் பற்றியவை. தலைவன் தும்மினால்கூட, யார் நினைத்ததால் தும்மினீர் எனக் கேட்டுத் தலைவி அழுகிறாள். அந்த அழுகையின் அடியில் இருப்பது வெறுப்பன்று, அன்பு. திரையரங்கிலிருந்து வெளிவருவோர் கதையில் வலுவில்லை, பாடல்கள் மிகுதி எனக் கடிந்துகொள்வதும் ஒருவகை ஊடலே. அடுத்த படத்திற்கு முதலில் நுழைவுச்சீட்டு வாங்குவோரும் அவர்களே. எந்தக் காட்சி, எதனால் பொருந்தவில்லை என அவர்கள் காரணம் காட்டத் தொடங்கினால், அக்குறையே திறனாய்வாக உயர்கிறது.

ஆயினும், எல்லாக் குறைகளும் ஒரு தரத்தன அல்ல. படம் நன்றாக இல்லையெனில் இழப்பது ஒரு மாலைப்பொழுது. தெருக்குழாயில் நீர் வராவிடில் இழப்பது குடும்பத்தின் நலம். இரண்டையும் ஒரே குரலில் பேசி, ஒரே விரைவில் மறந்துவிடுவதே தீங்கு. பேசியதும் மனம் இலேசாகிறது. மனம் இலேசானதும் செயலுக்கான உந்துதல் தணிந்துவிடுகிறது. குழாயோ வறண்டபடியே இருக்கிறது.

குறையை உரியவரிடம் சான்றோடு சொல்லும்போது அது முறையீடாகிறது. ‘முறை’ என்பதற்கு நீதி என்றும் பொருள் உண்டு. கண்ணகியும் புலம்பினாள், ஆனால், புலம்பலோடு நிற்கவில்லை. அரசவைக்குச் சென்றாள், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என உரைத்தாள், உடைத்தும் காட்டினாள். பாண்டியனின் தீர்ப்பைப் பிழையென்று காட்டியது அவளது கண்ணீர் மட்டுமன்று. அந்தச் சான்றும் ஆகும்.

இன்று அரசவையின் வாயில் பலவாக விரிந்துள்ளது. மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடைபெறுகிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, கேட்ட தகவலைப் பொதுவாக 30 நாள்களுக்குள் அளித்தல் வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தாம் வசிக்கும் ஊருக்குரிய ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க நுகர்வோருக்கு வழி செய்கிறது.

மனு அளித்தும் பயனில்லை என்பாரும் உளர். பயன்தராத மனுக்களும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், வாய்ச்சொல் காற்றோடு போகும். மனுவுக்கோ எண்ணும் நாளும் உண்டு, விடை கூற வேண்டிய ஓர் அலுவலரும் உண்டு. மறுக்கப்பட்ட மனுவும் அடுத்த மனுவுக்குச் சான்றாகும்.

புலம்புவது இயல்பு, அதனைத் தடுக்கவேண்டியதில்லை. பேசிக் கலைந்தபின் ஒருவரேனும் அக்குறையைத் தாளில் எழுதி, நாளிட்டு, அண்டை வீட்டாரின் கையொப்பமும் பெற்று உரியவரிடம் சேர்ப்பாராயின், அன்று அத்தெருவின் குறை முறையைத் தேடிப் புறப்பட்டுவிட்டது எனலாம்.