ஆச்சியின் கையெழுத்து

பண்டத்தரிப்பில் என் வீட்டு விறாந்தையில் இருந்து, அயலில் உள்ள ஓர் ஆச்சிக்காக நான் நிரப்பிக் கொடுத்த படிவங்களுக்குக் கணக்கில்லை. 1996இல் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போன மகனைத் தேடுகிறா. மரணச் சான்றிதழ் எடுத்தால் காசு கிடைக்கும் என்று ஓரிடத்தில் சொல்லி அனுப்பினார்களாம். "செத்தவன் எண்டு நான் எப்பிடித் தம்பி கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்டா.

2025இல் யாழ்ப்பாணத்துச் செம்மணி சித்துப்பாத்தி மனிதப் புதைகுழியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. குழந்தையின் புத்தகப்பைகூட இருந்தது. ஆகஸ்டில் உடைகளையும் பொருள்களையும் அடையாளம் காண வைத்தபோது ஆச்சியைக் கூட்டிப்போனேன். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தா. மகன் போட்டிருந்த சேட்டின் நிறம் மட்டுமே அவவுக்கு நினைவிருந்தது. மண்ணோ எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கியிருந்தது.

வலிந்து காணாமல் ஆக்குதலுக்கு எதிரான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. போரையும் சாட்டாகச் சொல்ல முடியாது என்கிறது அதன் முதல் உறுப்புரை. 2018இன் 5ஆம் இலக்கச் சட்டம் காணாமல் ஆக்குதலை உள்நாட்டிலும் குற்றமாக்கியது. ஆனால் பழைய சம்பவங்களுக்கு அது பொருந்தாது என்று அன்றைய ஆட்சியாளர் உறுதி கூறினர். இதை என்னால் ஏற்கவே முடியாது. நாடுகள் பொதுவாக ஏற்ற சட்டக் கோட்பாடுகளின்படி அன்றே குற்றமாயிருந்ததை விசாரிக்க நம் அரசியலமைப்பின் 13(6) உறுப்புரை இடம்தருகிறது. மகன் எங்கே என்று தெரியாதவரை அந்தக் குற்றம் தொடர்கிறது.

ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. அவவின் மரபணு மாதிரியை இன்னும் ஒருவரும் எடுக்கவில்லை.