பின்னக் கணக்கும் இட்லி மாவும்

ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் படிக்கும் வீடுகளில் இந்தக் கணக்கைக் கேட்டிருப்பீர்கள்: 'ஒரு பின்னத்தின் தொகுதி, பகுதி இரண்டோடும் 1 கூட்டினால் 1/2 ஆகிறது. இரண்டிலும் 1 கழித்தால் 1/3 ஆகிறது. பின்னம் எது?'

எங்கள் ஆனைக்குட்டத்தில் பக்கத்து வீட்டுப் பெண் இதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "கணக்கே வரமாட்டேங்குது அத்தை. பத்தாவதோட நின்னுட்டு அம்மாகூட பட்டாசு ஆபீசுக்குப் போயிரட்டா?" என்றாள். (எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.) ஒரு பின்னத்துக்காகப் படிப்பை விடுவதா! நோட்டை வாங்கிப் பார்த்தேன்.

தொகுதி மேலே இருப்பது, பகுதி கீழே இருப்பது. பரீட்சையில் எக்ஸ், ஒய் என்று எழுதட்டும். நாம் மேல், கீழ் என்றே வைத்துக்கொள்வோம். அவள், 'மேல் + 1 = 1, கீழ் + 1 = 2' என்று போட்டிருந்தாள். அப்படியானால் மேல் பூஜ்யம். அடுத்த நிபந்தனையை அதே மாதிரி போட்டால் மேல் 2 என்று வருகிறது. எப்படிப் பொருந்தும்?

"அரிசி நாலுக்கு உளுந்து ஒண்ணுன்னா, எப்பவும் நாலு டம்ளரும் ஒரு டம்ளரும்தானா தாயி? விசேஷ வீட்ல எட்டுப் படிக்கு ரெண்டு படி போடறதில்லையா?" என்று கேட்டேன். அளவு மாறும், மடங்கு மாறாது. 1/2 என்றால் கீழே இருப்பது மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு, அவ்வளவுதான். அது 4/8 ஆகவும் இருக்கலாம்.

ஆக,
கீழ் + 1 = 2 × (மேல் + 1). அதாவது, கீழ் = 2 மேல் + 1.
கீழ் − 1 = 3 × (மேல் − 1). அதாவது, கீழ் = 3 மேல் − 2.

முதல் சமன்பாட்டுக்கு மட்டும் 1/3, 2/5, 3/7, 4/9 என்று எத்தனையோ பின்னங்கள் பொருந்தும். இரண்டாவதற்கு 2/4, 3/7, 4/10 என்று வேறொரு வரிசை. இரண்டு வரிசையிலும் இருப்பது 3/7 ஒன்றுதான். இதற்காகத்தான் இரண்டு சமன்பாடு! சுருக்கமாகப் போட, 'கீழ்' இரண்டிலும் ஒன்றுதானே; 2 மேல் + 1 = 3 மேல் − 2 என்று எழுதினால் மேல் 3, கீழ் 7. சரிபார்க்க: 4/8 அரை, 2/6 மூன்றில் ஒன்று.

நம் பாட்டிமார் அரைக்கால், மாகாணி என்று வாயாலேயே பின்னம் பேசினார்கள். மாகாணி பதினாறில் ஒன்று, ரூபாயில் ஓர் அணா. 1957-ல் நயா பைசா வந்தபின் வீட்டுப் பேச்சிலிருந்து அவை மெல்ல மறைந்தன. அதனால்தானோ என்னவோ, பிள்ளைகளுக்குப் பின்னம் அந்நியமாகத் தெரிகிறது.

அந்தப் பெண் அடுத்து வேறொன்றைத் தானாகவே போட்டாள். உங்கள் வீட்டிலும் கொடுத்துப் பாருங்கள்: தொகுதியோடு மட்டும் 1 கூட்டினால் 1/2, பகுதியோடு மட்டும் 1 கூட்டினால் 1/3. விடை 3/8.