உப்புக்காக வெட்டிய ஆறும் உப்பைத் தடுக்கும் கதவும்

பழமை என்றவுடன் கோயிலும் கோட்டையும் ஏட்டுச்சுவடியுமே நம் நினைவுக்கு வருகின்றன. நீரை அடக்கி ஆளும் ஒரு கதவையும் முன்னோர் விட்டுச்சென்ற முதுசொம்மாக எண்ணும் வழக்கம் நம்மிடையே இல்லை. அது பெருங்குறை என்பது என் கருத்து. அதற்குச் சான்றாகத் தொண்டைமானாற்றைக் காட்ட விரும்புகிறேன்.

பருத்தித்துறையிலிருந்து வல்வெட்டித்துறை வழியே மேற்கு நோக்கிச் செல்வோர், செல்வச்சந்நிதி முருகன் கோயிலருகே அந்நீர்ப்பரப்பைக் காண்பர். பெயரளவில்தான் அஃது ஆறு. உண்மையில் வடமராட்சிக் கடனீரேரி கடலோடு கலக்கும் வாய் அது. கரணவாய், வெள்ளப்பரவைப் பகுதிகளில் விளைந்த உப்பை மரக்கலங்களில் ஏற்றிச் செல்லும்பொருட்டுத் தொண்டைமான் என்பான் அதனை வெட்டி ஆழமாக்கினான் என்பது யாழ்ப்பாண வைபவமாலை தரும் செய்தி. கலிங்கத்துப்பரணி புகழும் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானே அவன் என்பாரும் உளர். அஃது ஆராய்ச்சிக்குரியது. ஆயினும் மக்கள் நினைவில் இவ்வாறு உப்பின் பொருட்டே பிறந்தது.

காலம் அந்நோக்கத்தைத் தலைகீழாக மாற்றிவிட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத நதி ஒன்றுமில்லை. சுண்ணாம்புக்கல்லின் புழைகளில் தங்கும் மழைநீரே நம் கிணறுகளின் உயிர். அதன் கீழும் பக்கத்திலும் உவர்நீர் காத்திருக்கின்றது. நன்னீரை அளவின்றி இறைத்தால் உவர் மேலேறும். ஆகவே 1950-களின் தொடக்கத்தில் அவ்வாற்றின் வாயிலில் கதவுகளோடு கூடிய தடுப்பணை எழுந்தது. மாரியில் மிகுந்த வெள்ளத்தைக் கடலுக்கு விடுவதும், பின்னர்க் கதவை அடைத்து மழைநீரைத் தேக்குவதும், கடல்நீர் உட்புகாது காப்பதும் அதன் தொழில். ஆண்டுதோறும் இவ்வாறு நிகழின் ஏரியின் உவர் குறையும். சூழவுள்ள கிணறுகளும் இனிமை பெறும்.

நீர்ப்பாசனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் இதனை ஒரு பெருந்திட்டத்தின் உறுப்பாகக் கண்டார். ஆனையிறவு ஏரியில் வந்துசேரும் கனகராயனாற்று வெள்ளத்தை, முள்ளியானில் வெட்டும் கால்வாய் வழியே வடமராட்சி ஏரிக்குக் கொணர்வது அவர் எண்ணம். கற்பனை என்று அதனை ஒதுக்குதல் தகாது. ஒல்லாந்தில் 1932-இல் முடிந்த 32 கிலோமீற்றர் அணையொன்று கடலின் ஒரு கூற்றையே நன்னீரேரியாக்கிவிட்டதன்றோ?

கதவை அடைத்தால் இறால் உள்ளே வாராதே என்று மீனவர் கேட்பர். அக்கேள்வி நியாயமானதே. உழவருக்கு நன்னீர் வேண்டும். மீனவருக்கு உவர்நீர் வேண்டும். எந்த மாதத்தில் திறப்பது, எப்போது அடைப்பது என்பதை இருசாராரும் கூடியிருந்து வகுத்தலே முறை. கதவு ஒரு சாராருக்கு மாத்திரம் உரியதாயின் அது பகையின் சின்னமாகிவிடும்.

கோயிற் சிற்பம் தீண்டாதிருந்தால் நிலைக்கும்; நீர்க்கதவோ தொழிற்பட்டால்தான் நிலைக்கும். இத்தடுப்பணையின் கதவுகள் பழுதுற்று, உப்பு தடையின்றி உட்புகுந்த காலமும் இருந்தது. 2009-இல் போர் ஓய்ந்தபின்னர் அவை புதுப்பிக்கப்பட்டன. அதனோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. ஆசிரியர்கள் தம் மாணாக்கரை அங்கே அழைத்துச் செல்லவேண்டும். வைபவமாலையை இலக்கிய வகுப்பிலும், உவர்நீரின் இயல்பை விஞ்ஞான வகுப்பிலும் தனித்தனியே படிக்கும் பிள்ளைகள், இரண்டும் ஒன்றுசேரும் இடத்தைக் கண்ணாற் காணட்டும். தம் வீட்டுக் கிணற்றின் சுவை அக்கதவைப் பொறுத்தது என்று உணர்ந்த தலைமுறை, அதனைத் துருப்பிடிக்க விடாது.