வட ஆற்காட்டின் கடமை

1937ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமலுக்குக் கொண்டுவந்தார். 1939இல் அது வட ஆற்காட்டுக்கும் வந்தது. கள்ளுக்கடை வருமானம் போன பள்ளத்தை நிரப்ப அவ்வருஷமே விற்பனை வரி விதிக்கப்பட்டது. யுத்த காலத்தில் தளர்ந்த மதுவிலக்கு, 1948இல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் பரவிற்று. இன்றோ, வரியும் நிலைத்தது, கடையும் திரும்பிற்று! 2003 முதல் சில்லறை மது வியாபாரத்தைச் சர்க்காரே நடத்துகிறது. குடியை நிறுத்தப் பிறந்த வரியையும் குடியால் வரும் பணத்தையும் ஒரே கஜானா விழுங்கும் விநோதத்தை என்னென்பது!

கடை திறந்திருந்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்ற வாதம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மெத்தனாலுக்குப் பலியானபோதே செத்தது. ஆனால், கடையை மூடிவிட்டால் மட்டும் போதுமென்றும் நாம் சொல்லவில்லை. சட்டம் வேலி; பயிரைக் காப்பவர் ஊராரே.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய தோல் நகரங்களைப் பாருங்கள். பகலெல்லாம் ஈரத் தோலை இழுத்து முதுகொடிந்தவன், வலி மறக்கக் கடையை நாடுகிறான். ஷூ கம்பெனியில் தானும் உழைத்துத் திரும்பிய அவன் மனைவி, சம்பள நாளில் வாசலைப் பார்த்து நிற்கிறாள். ஷூ ஒட்டும் சொல்யூஷனை முகர்ந்து மயங்கும் சிறுவர் பல நகரங்களில் உண்டு. அது டப்பா டப்பாவாகப் புழங்கும் இவ்வூர்களில் ஆபத்து இன்னும் சமீபம். 2021 செப்டம்பரில் வாணியம்பாடியில் முன்னாள் நகரசபை அங்கத்தினர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். கஞ்சா விற்போரைப் போலீசாருக்குக் காட்டிக் கொடுத்ததே காரணமென்று செய்திகள் கூறின. இதற்குப் பின் வாய் திறக்கத் துணிபவர் யார்?

ஆகவே நாம் வற்புறுத்துவது இது. தகவல் தருவோரின் பெயர் வெளிவராமல் காப்பது சர்க்காரின் முதற்கடமை. பள்ளிக்கும் தொழிற்சாலை வாசலுக்கும் அருகிலுள்ள கடைகள் முதலில் மூடப்படட்டும். முதலாளிகள் சொல்யூஷனைப் பூட்டி வைத்துக் கணக்குடன் கொடுக்கட்டும். குடிக்கு அடிமையான தொழிலாளியை விரட்டாமல், லீவு கொடுத்துச் சிகிச்சைக்கு அனுப்பட்டும். வேலூர் பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம் இருக்கிறது. தூரம் ஒரு சாக்கல்ல. ஜமாஅத்தாரும் கோயில் தர்மகர்த்தர்களும் தேவாலயத்தாரும் தொழிற்சங்கத்தாரும் தாய்மார்களும் வார்டுதோறும் ஒரே கமிட்டியில் அமரட்டும். மாலை வேளையில் இளைஞருக்கு விளையாட்டு மைதானமும் வாசகசாலையும் வேண்டும். போக வேறு இடமில்லாதவனிடம் கடைக்குப் போகாதே என்பதில் பயனில்லை.

அன்று மதுவிலக்கைத் தாங்கியது போலீசார் மட்டுமன்று. ஊர் ஊராய் நடந்த தொண்டர்களுந்தான். அத்தொண்டர்களின் வாரிசுகள் எங்கே? வட ஆற்காடு பதில் சொல்லட்டும்.