பந்து விழ வேண்டுமா? பிள்ளையைத் திட்டாதீர்கள்!

கடலூரில் ஒரு பள்ளி மைதானம். மாலை நேரம். கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. பெண்கள் கூடைப்பந்து ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தன.

ஒரு பக்கம் 32 புள்ளி. மறுபக்கம் 31.

பின்தங்கிய அணியின் மாணவி ஒருத்தி பந்துடன் பாய்ந்தாள். எதிரணிப் பெண் இடித்துவிட்டாள். நடுவர் விசில் ஊதி இரண்டு "பிரீ த்ரோ" கொடுத்தார். அதாவது, யாரும் குறுக்கே வராமல், கோட்டில் நின்று நிதானமாக எறியும் வாய்ப்பு. ஒன்று விழுந்தால் சமம். இரண்டும் விழுந்தால் வெற்றி!

முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே துள்ளியது.

"கண்ணு எங்கே இருக்கு உனக்கு? ஒழுங்காப் போடு!"

வேலி ஓரத்திலிருந்து வந்தது அந்தக் குரல். அவளுடைய தகப்பனார்.

இரண்டாவது பந்து வளையத்தைத் தொடவே இல்லை.

காற்றுதான் காரணம் என்றார் பக்கத்தில் நின்றவர். இருக்கலாம். ஆட்டம் முடிந்தபின் அந்தப் பெண் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டேன்.

"ரெண்டாவது பந்தைப் போடும்போது என்னம்மா நினைச்சே?"

"வீட்டுக்குப் போனா அப்பா என்ன சொல்லுவாரோன்னு நினைச்சேன், சார்."

வளையத்தை அவள் நினைக்கவே இல்லை!

தகப்பனார் கெட்டவர் அல்ல. வேலையை விட்டுவிட்டு மகளின் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர். மகள் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் கத்தினார். ஆனால் அந்தக் கத்தல் மகளின் கையில் போய் நடுக்கமாக உட்கார்ந்துகொண்டது.

வளையல் சொல்லும் கணக்கு

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. பிரீ த்ரோ கோடு பலகையிலிருந்து 15 அடி தூரம். கடலூரிலும் இதே அளவு. அமெரிக்காவிலும் இதே அளவு. வளையத்தின் குறுக்களவு 45 சென்டிமீட்டர். ஆண்கள் ஆடும் பந்தின் குறுக்களவு சுமார் 24 சென்டிமீட்டர். பந்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அகலமான வாய்! பார்த்தால் சுலபமாகத்தான் தெரிகிறது.

ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. வீட்டில் ஒரு வளையலை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முழு வட்டம் தெரியும். மெல்லச் சாய்த்துப் பாருங்கள். வட்டம் சுருங்கி முட்டை வடிவம் ஆகிவிடும். பந்துக்கும் அப்படித்தான். பந்து உயர எழும்பி 45 டிகிரி சாய்வில் இறங்கினால், அதற்குக் கிடைக்கும் வழி சுமார் 32 சென்டிமீட்டர். தட்டையாக, 30 டிகிரி சாய்வில் வந்தால் வழி 22 சென்டிமீட்டர்தான். 24 சென்டிமீட்டர் பந்து 22 சென்டிமீட்டர் வழியில் எப்படிப் புகும்? முட்டி மோதித்தான் விழ வேண்டும்.

பயந்தவர் கை முழுதாக நீளாது. நீளாத கை பந்தை உயர அனுப்பாது, தட்டையாகத் தள்ளிவிடும். மனத்தில் உள்ள பயம் பந்தின் பாதையையே மாற்றிவிடுகிறது.

இன்னொரு விபரீதமும் நடக்கிறது. வாசலில் புள்ளிக் கோலம் போடும் அம்மாவைப் பாருங்கள். மாவு தானாக விரல் வழியே இறங்கும். கோடு நெளியாது. "அம்மா, கட்டை விரலை எப்படி வளைக்கிறாய்?" என்று கேட்டுவிடுங்கள். அவள் தன் விரலைக் கவனிக்கத் தொடங்குவாள். அடுத்த கோடு கோணலாகும்! பழகிய வேலையைக் கை தானே செய்யும். பதற்றத்தில் மூளை குறுக்கே புகுந்து, "முழங்கை சரியா? மணிக்கட்டு சரியா?" என்று விசாரணை நடத்தினால் கை தடுமாறிவிடும். மனநூல் ஆராய்ச்சியாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். "ஒழுங்காப் போடு!" என்று வெளியிலிருந்து வரும் அதட்டல் இந்த விசாரணையைத்தான் தொடங்கி வைக்கிறது.

ஒரு விநாடிப் பார்வை

அப்படியானால் அந்த 15 அடிக் கோட்டில் மனத்தை எங்கே வைப்பது?

கண்ணில் வைக்கலாம். துரோணர் கேட்டபோது, மரமும் தெரியவில்லை, கிளையும் தெரியவில்லை, பறவையின் கண் மட்டுமே தெரிகிறது என்று அர்ச்சுனன் சொன்ன கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்குத் தெரியும். கனடா நாட்டின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ் என்ற பேராசிரியை இதையே கருவி வைத்து அளந்தார். பிரீ த்ரோ எறிபவர்களின் கண் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். 1996-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். நன்றாக எறிபவர்களின் பார்வை, கை கிளம்புவதற்கு முன்பே வளையத்தில் போய்த் தங்கிவிடுகிறது. ஏறக்குறைய ஒரு விநாடி அங்கேயே நிற்கிறது. தடுமாறுபவர்களின் பார்வை அவ்வளவு நேரம் நிற்பதில்லை. வளையம், பலகை, பந்து என்று அலைகிறது.

ஒரு விநாடிதான். ஆனால் அந்த ஒரு விநாடிக்குள் அப்பாவின் முகம் வந்துவிட்டால் எல்லாம் போயிற்று.

இதற்குப் பழக்கம்தான் மருந்து. அமெரிக்காவில் டாம் ஆம்பெரி என்று ஒரு கால் வைத்தியர் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு பிரீ த்ரோ எறிவதையே பொழுதுபோக்காக வைத்துக்கொண்டார். கோட்டில் நிற்பார். பந்தை மூன்று முறை தரையில் தட்டுவார். எறிவார். ஒவ்வொரு முறையும் அதே மூன்று தட்டு. 1993-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி, தமது 71-வது வயதில், ஒன்றுகூடத் தவறாமல் தொடர்ந்து 2,750 பந்துகளை வளையத்தில் போட்டார்! சுமார் 12 மணி நேரம் எறிந்தார். அந்தச் சாதனையைப் பிறகு வேறொருவர் முறியடித்துவிட்டார். ஆனாலும் 71 வயதில் 12 மணி நேரம்! நமக்குப் பத்து நிமிடம் நின்றாலே முழங்கால் வலிக்கிறது.

மூன்று தட்டு, ஒரு நீண்ட மூச்சு, வளையத்தில் ஒரு பார்வை. சர்வதேச விதிப்படி எறிவதற்குக் கிடைக்கும் நேரம் 5 விநாடி. இவை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பிள்ளைக்குப் பிடித்த வேறு பழக்கமாகவும் இருக்கலாம். தினமும் ஒன்றே ஆக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஊன்றிய கால்

மறுநாள் ஒரு வேலையாகச் சிதம்பரம் போயிருந்தேன். அந்தப் பெண் சொன்னது மனத்தை விட்டு அகலவில்லை. கோவிலில் நடராஜரைத் தரிசித்தபோது ஒன்று தோன்றியது. எல்லாரும் தூக்கிய திருவடியைப் பார்க்கிறோம். முயலகன் மேல் ஊன்றி நிற்கும் வலது காலை யார் பார்க்கிறார்கள்? அது அசையாமல் நிற்பதால் அல்லவா இது தூக்கி நிற்கிறது! அங்கே மகா சிவராத்திரியை ஒட்டி 1981-ம் ஆண்டு முதல் நாட்டியாஞ்சலி நடந்து வருகிறது. அதில் ஆட வரும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள், ஊன்றிய கால் நிற்க எத்தனை வருஷம் அடவு பழகினோம் என்று.

சிதம்பரத்தில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. 1929-ல் தொடங்கியது. அங்கே உடற்கல்வித் துறை உண்டு. இன்று அங்கே படிப்பவர்கள் நாளைக்கு நம் பிள்ளைகளின் பி.டி. மாஸ்டர்கள். அவர்கள் படிப்பின் மூலம் எங்கே இருக்கிறது தெரியுமா? கூடைப்பந்து பிறந்த இடத்தில்! 1891-ம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக்கூடைகளை உயரத்தில் கட்டி இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். அதே ஸ்பிரிங்பீல்டில் படித்த ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து, 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். உடற்கல்வி வாத்தியார் என்ற பரம்பரை நம் நாட்டில் அங்கிருந்து வளர்ந்தது. அந்தப் பரம்பரையில் வருகிறவர்களுக்கு நம் விண்ணப்பம் ஒன்று உண்டு. பிள்ளைக்கு முழங்கையைச் சரிசெய்து கொடுக்கிறீர்கள். நல்லது. தவறிய பந்தை மறக்கவும் சொல்லிக்கொடுங்கள்.

தவறாதவர் யார்?

இன்றைய உலகில் பந்து எறிவதில் பெயர் பெற்றவர் அமெரிக்காவின் ஸ்டீபன் கரி. பிரீ த்ரோவில் 100-க்குச் சுமார் 91 போடுகிறார். அப்படியென்றால் 9 தவறுகிறது! தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளிப் பந்தில், பாதிக்கு மேல் அவருக்கே தவறுகிறது. அவர் தவறிய பந்தைத் தலையில் சுமந்துகொண்டு ஓடினால், அடுத்த பந்து எப்படி விழும்?

பிறர் சிரிப்புக்குப் பயந்து நஷ்டப்பட்டவர் கதையும் உண்டு. வில்ட் சேம்பர்லின் 7 அடிக்கு மேல் உயரமானவர். 1962-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி ஒரே ஆட்டத்தில் தனியாக 100 புள்ளி எடுத்தவர். அன்று 32 பிரீ த்ரோவில் 28 போட்டார். இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, இடுப்புக்குக் கீழிருந்து தூக்கி எறியும் முறையில் போட்டார். அவருக்கு அது நன்றாகவே கைகொடுத்தது. ஆனாலும் பிறகு விட்டுவிட்டார். ஏன்? அப்படி எறிவது ஆண்மைக்குக் குறைவாகத் தெரிகிறது என்று கூசினார். அது தம் தவறு என்று பின்னாளில் அவரே எழுதி ஒப்புக்கொண்டார். மொத்தக் கணக்கில் அவருடைய பிரீ த்ரோக்களில் பாதிதான் விழுந்தன. ரிக் பாரி என்பவரோ சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் என்று அதே முறையில் கடைசிவரை எறிந்தார். 100-க்கு 90 போட்டார்!

நம் பக்கத்திலும் மனத்திடத்துக்குப் பஞ்சம் இல்லை. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை வகித்தவர். குழந்தை பிறந்த பின் மறுபடி ஆட வந்தார். 2017-ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவுப் போட்டியில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்ற கணக்கில் வென்று கோப்பையை எடுத்தது. அவர் அந்த அணியில் இருந்தார். 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 75-க்கும் 73-க்கும் வித்தியாசம் 2. ஒரு பிரீ த்ரோவுக்கு 1 புள்ளி. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு விழுந்து எழுவதைப் பற்றி வெளியூர்க்காரன் சொல்லித் தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ந் தேதி "தானே" புயல் அடித்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அதே மண்ணில் மறுபடி கன்று வைத்தவர்கள், தங்கள் பெண் ஒரு பந்தைத் தவறவிட்டாள் என்று வேலி ஓரத்தில் நின்று கத்தலாமா?

என்ன செய்யலாம்?

பயிற்சியை மாற்றலாம். கோட்டில் நின்று வரிசையாக 100 பந்து எறிவதில் கை பழகும். ஆனால் ஆட்டத்தில் யாரும் 100 பந்து கொடுப்பதில்லை. மைதானத்தை இரண்டு சுற்று ஓடட்டும். மூச்சு இரைக்கும்போதே கோட்டில் நிற்கட்டும். இரண்டே பந்து. மறுபடி ஓட்டம். ஒரு நோட்டில் கணக்கு எழுதட்டும். கூட நிற்கும் தோழிகள் கைதட்டி, கேலி செய்து, சத்தம் போடட்டும். சத்தத்துக்கும் பழக வேண்டும் அல்லவா?

தகப்பனார் சும்மா நிற்க வேண்டாம். பந்தைப் பொறுக்கிக் கொடுக்கட்டும். விழுந்தாலும் விழாவிட்டாலும் ஒரே முகத்தோடு கொடுக்கட்டும். இது மகளின் பயிற்சியைவிடக் கடினமானது!

பி.டி. வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கும் வழக்கத்தையும் பள்ளிகள் நிறுத்த வேண்டும். அந்தக் கடனை எந்த வாத்தியாரும் திருப்பித் தந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் மைதானக் கதவுக்குப் பூட்டுப் போடுகிறார்களே, அதையும் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடலாம். பெண் பிள்ளைகள் பயமின்றி ஆட, ஒரு விளக்கும் ஒரு ஆசிரியையும் இருந்தால் போதும்.

டாம் ஆம்பெரி 2,750 பந்தோடு ஏன் நிறுத்தினார் தெரியுமா? கை வலித்ததால் அல்ல. பந்து தவறியதாலும் அல்ல. கூடத்தை மூடும் நேரம் வந்துவிட்டது. அதனால் நிறுத்தினார்!