கண்வில்லை கேட்கும் வயது

சிங்கப்பூரில் உயர்நிலைப்பள்ளி வகுப்பு ஒன்றில் மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களை எண்ணுவதைவிட, அணியாதவர்களை எண்ணுவது எளிது. தொடக்கநிலை 6 முடிவதற்குள் ஏறத்தாழ 65 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்துவிடுகிறது. இளையர்களிடையே அது ஏறத்தாழ 83 விழுக்காடாக உயர்கிறது. தேசியக் கிட்டப்பார்வைத் தடுப்புத் திட்டம் 2001ஆம் ஆண்டில் தொடங்கியது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் இருக்கும் எழுத்துகளை வாசித்துக் காட்டிய அனுபவம் உங்களில் பெரும்பாலோர்க்கு இருக்கும்.

ஆகவே, மூக்குக்கண்ணாடி நமக்குப் புதிதன்று. உயர்நிலை 1 அல்லது 2இல் எழும் அடுத்த கேள்விதான் வீட்டில் வாக்குவாதத்தைக் கிளப்புகிறது. “அம்மா, நான் கண்வில்லை போட்டுக்கொள்ளட்டுமா?” காண்டாக்ட் லென்ஸ் என்று நாம் பேச்சில் சொல்லும் அதே பொருள்தான் கண்வில்லை. “அதெல்லாம் பெரியவளான பிறகு பார்க்கலாம்” என்று சில பெற்றோர் முடித்துவிடுகிறார்கள். வேறு சிலர், தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தால் வாங்கித் தருவதாகப் பரிசுபோல் பேசுகிறார்கள். இந்த இரண்டு பதில்களும் எனக்கு ஏற்புடையவை அல்ல. வயதும் மதிப்பெண்ணும் இதற்கு அளவுகோல் ஆகா. ஒரு மாணவர் தம் மூக்குக்கண்ணாடியை எப்படிப் பேணுகிறார் என்பதையே பெற்றோர் பார்க்க வேண்டும்.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் கண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது. கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் கருவிழிப்படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தடைபடும். அதனால் அந்தப் படலம் தனக்கு வேண்டிய உயிர்வாயுவைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே, கண்ணீரின் வழியாகப் பெறுகிறது. கண்வில்லை அந்தப் படலத்தின்மேல்தான் அமர்கிறது. பகலில் கண் சிமிட்டும்போதெல்லாம் புதிய கண்ணீர் பரவும். ஓரளவு உயிர்வாயுவும் கிடைக்கும். கண்வில்லையோடு தூங்கிவிட்டால் இமை ஒரு மூடி, வில்லை இன்னொரு மூடி. மூச்சுத் திணறும் படலம் வலுவிழக்கிறது. கிருமிகளுக்கு வழி திறக்கிறது. பேருந்தில் போடும் குட்டித் தூக்கமும் தூக்கம்தான். (இரவில் மட்டும் அணிவதற்கென்றே மருத்துவர் தரும் வில்லைகள் உண்டு, அவை வேறு வகை, அவற்றுக்குக் கண்காணிப்பும் அதிகம்.)

இது வெறும் பயமுறுத்தல் அன்று. 2005ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் 2006ஆம் ஆண்டு மே மாதம் வரை, சிங்கப்பூரில் 66 பேருக்கு ஃபியூசேரியம் என்னும் பூஞ்சையால் கருவிழிப்படலத்தில் தொற்று ஏற்பட்டது. ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் மென்மையான கண்வில்லை அணிந்தவர்கள். ஒரு குறிப்பிட்ட கிருமிநீக்கக் கரைசல்மீது சந்தேகம் விழுந்தது. 2006இல் அது உலகச் சந்தையிலிருந்தே மீட்டுக்கொள்ளப்பட்டது. ஆனால், கதை அத்தோடு முடியவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர், கண்வில்லையைச் சரியாகப் பேணவில்லை என்பதும் விசாரணையில் தெரியவந்தது. சிலருக்குக் கருவிழிப்படல மாற்று அறுவைச் சிகிச்சையே தேவைப்பட்டது. கரைசலின் குறை நம் கையில் இல்லை. பேணும் பழக்கம் நம் கையில்தான் இருக்கிறது.

அந்தப் பழக்கம் எங்கே தளர்கிறது? பெரும்பாலும் கண்வில்லையை ஊறவைக்கும் சிறு பெட்டியில்தான். நேற்றைய கரைசலைக் கொட்டாமல், அதன்மேலேயே இன்று கொஞ்சம் ஊற்றிக்கொள்வதைப் பலர் சிக்கனம் என்று நினைக்கிறார்கள். பழைய கரைசல் தன் வேலையை முடித்துவிட்டது. அதோடு சேரும் புதியதும் வீரியம் குறைகிறது. நாள்தோறும் பழையதைக் கொட்டி, பெட்டியைப் புதிய கரைசலால் அலசி, திறந்து கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பெட்டியையே மாற்ற வேண்டும். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவித் துடைத்த பிறகே வில்லையைத் தொட வேண்டும். உள்ளங்கையில் வைத்து விரலால் மெல்லத் தேய்த்த பிறகே ஊறவைக்க வேண்டும்.

குழாய்நீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டுக் குழாய்நீரை அப்படியே குடிக்கலாம். அதில் நமக்குப் பெருமையும் உண்டு. அதற்காக அந்த நீர் கண்வில்லைக்கு ஏற்றது ஆகிவிடாது. அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் ஆறு, குளம், நீச்சல்குளம் ஆகியவற்றிலும் குழாய்நீரிலும் இருக்கக்கூடியது. குடித்தால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது. வில்லைக்கும் கண்ணுக்கும் இடையில் அது சிக்கிக்கொண்டால், மாதக்கணக்கில் மருத்துவம் பார்க்க வேண்டிய, கடும் வலி தரும் தொற்று உண்டாகலாம். எனவே, கண்வில்லையோடு குளிப்பதோ நீந்துவதோ கூடாது. நீச்சலை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்தவர்கள், பவர் உள்ள நீச்சல் கண்ணாடியை வாங்கிக்கொள்ளலாம்.

இவ்வளவையும் படித்துவிட்டு, கண்வில்லையே வேண்டாம் என்கிறேன் என்று எண்ண வேண்டாம். காற்பந்து விளையாடும்போது வியர்வையில் வழுக்கி விழும் மூக்குக்கண்ணாடி உண்மையான இடையூறு. பவர் மிக அதிகமாக உள்ளவர்களுக்கு, தடித்த கண்ணாடியின் ஓரப் பகுதியில் காட்சி சற்று வளைந்து தெரியும். கண்வில்லையில் அந்தத் தொல்லை பெரிதும் குறைகிறது. கண்ணாடி இல்லாத முகம் தமக்குப் பிடித்திருக்கிறது என்று ஒரு பதினான்கு வயது மாணவி சொன்னால், அதையும் நான் கேலி செய்யமாட்டேன். அதுவும் ஒரு காரணம்தான். வசதி இருந்தால், ஒருநாள் அணிந்து எறிந்துவிடும் வகையையே மாணவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. செலவு கூடும். ஆனால், பெட்டியும் கரைசலும் தேவைப்படா. மாதக் கண்வில்லையை வாங்குபவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: பொட்டலத்தைத் திறந்த நாளிலிருந்தே மாதக் கணக்கு தொடங்குகிறது. இடையில் பத்து நாள் அணியவில்லை என்பதால் அதன் ஆயுள் பத்து நாள் நீளாது.

நான் மறுப்பது வேறொன்றை. தீபாவளிக்கோ நடன நிகழ்ச்சிக்கோ என்று, பழுப்பும் நீலமுமான வண்ணக் கண்வில்லைகளை இணையத்தில் வாங்குகிறார்களே, அதைத்தான். பவர் இல்லாவிட்டாலும் கண்வில்லை மருத்துவச் சாதனமே. நம் நாட்டில், பதிவுபெற்ற பார்வைப் பரிசோதகர் போன்ற தகுதி பெற்றவர்களே கண்ணைச் சோதித்து, அளவு பார்த்து அதைத் தர வேண்டும். ஒவ்வொருவர் கண்ணின் வளைவும் வேறு. தோழியிடம் இரவல் வாங்கி அணிவதோ இன்னும் மோசம். காதணியை மாற்றிக்கொள்வதுபோல் கண்வில்லையை மாற்றிக்கொள்ள முடியாது.

இனி, பெற்றோர் பார்க்க வேண்டிய அளவுகோலுக்கு வருவோம். உங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துக் கீறல் விழுந்திருக்கிறதா? துணியில் ஒட்டியுள்ள தூசி, கண்ணாடியின் மேற்பூச்சை உரசுகிறது. குளிர்ந்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமிட்டு அலசி, மென்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ஒரே கையால் இழுத்துக் கழற்றிச் சட்டம் கோணலாகிவிட்டதா? அப்படியானால், நீங்கள் கண்ணாடியின் சரியான மையத்தின் வழியாகப் பார்க்கவில்லை. தலைவலிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். பவர் கூடிவிடும் என்ற பயத்தில் பழைய கண்ணாடியையே அணிகிறீர்களா? மலேசியப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளிவந்த ஆய்வொன்று, தேவையைவிடக் குறைந்த பவர் அணிந்தவர்களுக்குக் கிட்டப்பார்வை குறையவில்லை, மாறாக விரைவாகவே வளர்ந்தது என்று காட்டியது.

ஒரு மாதம், ஒருநாளும் தவறாமல், உறங்கும் முன் கண்ணாடியைக் கழுவித் துடைத்து அதன் பெட்டியில் வைக்கும் மாணவருக்கு, பதின்மூன்று வயதானாலும் கண்வில்லை வாங்கித் தரலாம் என்பேன். சோர்ந்துபோன இரவுகளில் மெத்தைமேல் கண்ணாடியை எறிந்துவிட்டுத் தூங்குபவர், பதினெட்டு வயதானாலும் காத்திருக்கட்டும். அதே சோர்வான இரவில்தான் அவர் கண்வில்லையையும் கழற்றாமல் தூங்கிவிடுவார்.

கண்வில்லை வாங்கியவரும் சரியான பவர் உள்ள மூக்குக்கண்ணாடி ஒன்றைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, பார்வை மங்கினாலோ கண்வில்லையை உடனே கழற்றிவிட்டு, அந்தக் கண்ணாடியை அணிந்துகொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். மறுநாள் தேர்வு என்றாலும் தள்ளிப்போடக்கூடாது. போகும்போது கண்வில்லையையும் அதன் பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். கண்ணில் புகுந்தது எந்தக் கிருமி என்பதை, அவற்றைச் சோதித்தே மருத்துவர்கள் பல வேளைகளில் கண்டுபிடிக்கிறார்கள்.